எபிசோடு 37: ஒரே கையில் ரெண்டு கேஸ் கட்டு

இந்த எபிசோடு ஒரு வாடகை வீட்டு அட்வான்ஸில் இருந்து ஆரம்பிக்கிறது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேலை மாறினபோது வீட்டைக் காலி பண்ணினேன். அட்வான்ஸ் ஒரு லட்சம். பெயிண்ட் அடிச்சதுக்கு, குழாய் மாத்தினதுக்கு என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்த வீட்டுக்காரர், கடைசியில் போனையே எடுக்கவில்லை. கோபத்தில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த எஸ்.ஐ. பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, இது சிவில் மேட்டர். நாங்க தலையிட முடியாது, ஒரு வக்கீலைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்தால், வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருத்தர். "சார், ஏமாத்திட்டான், மிரட்டினான்னு ரெண்டு வரி சேர்த்துக்குங்க. கிரிமினல் ஆயிடும். அப்புறம் பணம் தானா வீடு தேடி வரும்" என்றார்.

நான் சேர்க்கவில்லை. நேர்மை எல்லாம் இல்லை, பயம்தான். ஆனால் அந்த ஆள் சொன்னது மண்டைக்குள்ளேயே சுத்திக்கொண்டு இருந்தது. ரெண்டு வரியில் ஒரு சிவில் கேஸ் கிரிமினல் ஆகுமா? அப்படி ஆக்கிவிட்டு, பணம் வந்ததும் அந்தக் கிரிமினல் கேஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? அப்படியானால் அது பணம் வசூலிக்கிற ஒரு கருவியா, தண்டிக்கிறதுக்கான வழக்கா?

இதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் போபால் வழக்கில் மாட்டிக்கொண்டேன். நான் படித்தது இன்ஜினியரிங், சட்டம் இல்லை. அதனால் வக்கீல்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

முதலில் அடிப்படை. பஸ் மோதி ஒருத்தர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். நம்ம ஊரில் அந்த ஒரே விபத்துக்கு ரெண்டு வழக்கு நடக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டிரைவர் மேல் ஒன்று. அதை நடத்துவது அரசு. இறந்தவரின் மனைவி அங்கே ஒரு சாட்சி, அவ்வளவுதான். இன்னொன்று நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில், பஸ் முதலாளி மேலும் இன்சூரன்ஸ் கம்பெனி மேலும். இதை நடத்துவது அந்த மனைவி. முதல் வழக்கில் டிரைவர் விடுதலை ஆகி, ரெண்டாவதில் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் பணம் கிடைப்பது சர்வ சாதாரணம். இதில் முரண்பாடு எதுவும் கிடையாது. ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமென்றால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பணம் வாங்கித் தர, எந்தப் பக்கம் நம்பத் தகுந்ததாக இருக்கிறது என்று தராசு கொஞ்சம் சாய்ந்தாலே போதும்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று: கேஸ் யாருடையது? சிவில் வழக்கு, போட்டவருடைய சொத்து மாதிரி. பாதி வழியில் ராஜியாகப் போகலாம், கால்வாசிப் பணத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்று விட்டுவிடலாம். என் அட்வான்ஸும் அப்படித்தான் முடிந்தது. வக்கீல் நோட்டீஸ் போனதும் வீட்டுக்காரர் எழுபதாயிரம் தந்தார், "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று நான் கையெழுத்துப் போட்டேன். என் பணம், என் இஷ்டம். கொலைக் கேஸில் அப்படிப் போட முடியாது. சில சின்னக் குற்றங்களுக்கு மட்டும் சமரசத்துக்குச் சட்டமே பட்டியல் கொடுத்திருக்கிறது. பெரிய குற்றம் என்றால் செத்தவரின் பிள்ளையே மன்னித்தாலும் வழக்கு நிற்காது, ஏனென்றால் அது அந்தப் பிள்ளையின் வழக்கு மட்டும் இல்லை.

இந்தியாவில் இந்த ரெண்டு கோர்ட்டும் தனித்தனியாகப் பிரிந்த கதையில் வங்காளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1765ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கே வரி வசூலிக்கும் திவானி உரிமை கிடைத்தது. 1772ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ரெண்டு நீதிமன்றம் வைத்தார். நிலம், கடன், வாரிசு எல்லாம் கலெக்டர் உட்காரும் திவானி அதாலத்துக்கு. திருட்டு, கொலை எல்லாம் காஜியும் முஃப்தியும் உட்காரும் ஃபௌஜ்தாரி அதாலத்துக்கு. பணம் சம்பந்தப்பட்டதைக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொண்டது என்பதைக் கவனிங்க. வட இந்தியாவில் இன்றும் கோர்ட் வளாகத்தில் "திவானியா, ஃபௌஜ்தாரியா?" என்றுதான் கேட்பார்கள். போபாலிலும் அதே வார்த்தைகள்தான்.

சரி, போபால்.

1984 டிசம்பர் 2 இரவு, யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனியின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் 610ஆம் நம்பர் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது மெத்தில் ஐசோசயனேட். அதைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிர்சாதனம் பல மாதங்களாக ஓடவில்லை. நள்ளிரவு தாண்டி வாயு ஊருக்குள் இறங்கியது. அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். நான் அதற்குப் பிறகு நடந்ததைப் பேசப்போகிறேன்.

டிசம்பர் 7ஆம் தேதி அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் சேர்மன் வாரன் ஆண்டர்சன் போபால் வந்து இறங்கினார், கைது செய்யப்பட்டார். அன்றைக்கே 25,000 ரூபாய் ஜாமீனில் விடுவிக்கப்பட்டு, மாநில அரசின் விமானத்திலேயே டில்லிக்கு அனுப்பிவைக்கப்பட்டார். அங்கிருந்து அமெரிக்கா போனவர், கடைசி வரை இந்தியக் கோர்ட்டில் வந்து நிற்கவே இல்லை. கிரிமினல் கட்டின் முதல் பக்கம் இது.

சிவில் கட்டு வேறு திசையில் போனது. விபத்து நடந்த சில நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் போபால் குடிசைகளுக்குள் வந்து கைநாட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இதைத் தடுக்க மத்திய அரசு 1985 மார்ச்சில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனிமேல் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்காகவும் நஷ்டஈடு கேட்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டும்தான். அரசு தாய் தகப்பன் மாதிரி, மக்கள் மைனர் பிள்ளைகள் மாதிரி. நோக்கம் நல்லதுதான் என்று நானும் நினைக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற ஒரு கூலித் தொழிலாளி, உலகத்தின் பெரிய ரசாயனக் கம்பெனி ஒன்றோடு தனியாக எப்படி மோதுவார்?

ஆனால் இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. கிரிமினல் வழக்கு ஏற்கெனவே அரசின் கையில், சி.பி.ஐ. வழியாக. இப்போது சிவில் வழக்கும் அதே கையில். போதாக்குறைக்கு, அந்த இந்தியக் கம்பெனியின் பங்குகளில் சுமார் 22 சதவீதம் எல்.ஐ.சி., யூனிட் டிரஸ்ட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களிடம் இருந்தது. வழக்குப் போடுகிறவர், தண்டனை கேட்கிறவர், பங்குதாரர் எல்லாம் ஒரே வீட்டில். எங்கள் வேலையில் ஒரே ஆளுக்கு எழுதவும், சரிபார்க்கவும், லைவில் போடவும் அனுமதி கொடுக்காதே என்று தலையில் அடித்துச் சொல்வார்கள். காரணம் அவன் கெட்டவன் என்பதல்ல, அவசரத்தில் ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்துவிடுவான் என்பதுதான்.

அரசு முதலில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அங்கே நடந்த வாதம் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. இந்திய அரசு, "எங்கள் நாட்டுக் கோர்ட்டுகளுக்கு இப்படிப்பட்ட வழக்கை நடத்தும் திறமை போதாது, அமெரிக்காவிலேயே விசாரியுங்கள்" என்கிறது. யூனியன் கார்பைடு, "இல்லை இல்லை, இந்தியக் கோர்ட்டுகள் அருமையானவை, அங்கேயே விசாரிக்கட்டும்" என்கிறது. அதற்கு ஆதரவாக நானி பல்கிவாலா பிரமாணப் பத்திரம் கொடுத்தார். 1986 மே மாதம் நீதிபதி ஜான் கீனன், யூனியன் கார்பைடு இந்தியக் கோர்ட்டின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு வழக்கை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார். கார்பைடு கேட்டது கிடைத்தது. இந்த வாதத்தை ஞாபகம் வைத்துக்குங்க.

போபால் மாவட்டக் கோர்ட்டில் அரசு கேட்டது 300 கோடி டாலருக்கும் மேல். வழக்கு முடியும் வரை ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசித்த மாவட்ட நீதிபதி, 1987 டிசம்பரில் 350 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னார். ஹைகோர்ட் அதை 250 கோடியாகக் குறைத்தது. அதையும் எதிர்த்து கார்பைடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அதே டிசம்பரின் முதல் தேதி, சி.பி.ஐ. 12 பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருந்தது. அதில் ஆண்டர்சனும் உண்டு, கம்பெனிகளும் உண்டு. பிரிவு 304, ரெண்டாம் பகுதி: மரணம் நேரும் என்று தெரிந்தே செய்த செயல், பத்து வருஷம் வரை சிறை. நான் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்களையே சொல்கிறேன், 2024 ஜூலையில்தான் எண்கள் மாறின.

1989 பிப்ரவரி 14. சுப்ரீம் கோர்ட் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இடைக்கால நிவாரணம் 250 கோடி தர வேண்டுமா, வேண்டாமா? அரசு தரப்பில் அட்டர்னி ஜெனரல் கே. பராசரன், கார்பைடு தரப்பில் ஃபாலி நாரிமன். வாதம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தலைமை நீதிபதி ஆர்.எஸ். பதக் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் மொத்த வழக்கையும் முடித்துவைத்தார்கள். கார்பைடு தர வேண்டியது 47 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 715 கோடி ரூபாய். சிவில் வழக்குகள் அத்தனையும் தீர்ந்தது. ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன.

அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது: இந்தப் பேரழிவு தொடர்பான கிரிமினல் வழக்குகள், எங்கே நிலுவையில் இருந்தாலும், ரத்து.

இதை முதல் தடவை படித்தபோது ஸ்டேஷன் வாசலில் இருந்த மனு எழுதுகிறவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பணம் வரட்டும், கிரிமினல் போகட்டும். சமரசத்துக்கே இடமில்லாத பிரிவு அது. அரசு வக்கீல் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமென்றாலும் விசாரணைக் கோர்ட்டில் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அதெல்லாம் எதுவும் நடக்கவில்லை. செத்தவர்களின் குடும்பங்களைக் கேட்டார்களா? சிவில் பாதிக்கே கேட்கவில்லை, அப்புறம் எங்கே கிரிமினலுக்கு.

போபாலில் இருந்து ரயிலேறிப் பெண்கள் டில்லிக்கு வந்தார்கள், கோர்ட் வாசலில் நின்றார்கள். பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் மறுஆய்வு மனு போட்டன. 1991 அக்டோபர் 3ஆம் தேதி தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வெங்கடாசலையா. பணத் தொகை அப்படியே நிற்கும், போதாவிட்டால் மீதியை மத்திய அரசு ஈடுகட்ட வேண்டும். ஆனால் கிரிமினல் வழக்கை ரத்து செய்ததற்குத் தகுந்த காரணம் இல்லை, அது மறுபடி உயிர் பெறும்.

ஒரு நுணுக்கம் சொல்லணும். குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் பணம் பேசினால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்பது பழைய சட்டக் கொள்கை. மனுதாரர்கள் அதைத்தான் வாதாடினார்கள்: கிரிமினலை விற்றுத்தான் இந்த 47 கோடி வாங்கினீர்கள், ஆகவே மொத்தமும் செல்லாது. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு ரத்து என்பது பணம் தர ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம், ஆனால் பணத்துக்கான விலை அது இல்லை என்று பிரித்துவிட்டது. எனக்கு இந்தப் பிரிப்பு முழுசாக உறைக்கவில்லை. ஒரே நாளில், ஒரே உத்தரவில், ரெண்டும் சேர்ந்து வந்தால் கடைக்காரரும் வாடிக்கையாளரும் அதை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? ஆனாலும் அந்தத் தீர்ப்பால்தான் கிரிமினல் கட்டு மறுபடி அலமாரியில் இருந்து இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உயிர் பெற்ற வழக்கால் உடனே ஒரு நன்மை நடந்தது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில். 1992ல் போபால் மாஜிஸ்திரேட் ஆண்டர்சனைத் தலைமறைவுக் குற்றவாளியாக அறிவித்தார். அமெரிக்கக் கம்பெனியும் வரவில்லை. வராத குற்றவாளியின் சொத்தை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அமெரிக்கக் கம்பெனிக்கு இந்தியக் கம்பெனியில் இருந்த 50.9 சதவீதப் பங்குகளை மாஜிஸ்திரேட் ஜப்தி செய்தார். 1994ல் சுப்ரீம் கோர்ட் அனுமதியோடு அந்தப் பங்குகள் விற்கப்பட்டு, அந்தப் பணத்தில்தான் வாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கான போபால் நினைவு மருத்துவமனை எழுந்தது. சிவில் பேச்சுவார்த்தையில் தானாக வராத ஆஸ்பத்திரி, ஒரு கிரிமினல் ஜப்தியில் வந்தது. இத்தனை நாள் இந்த வழக்கைப் படித்ததில் எனக்குப் பிடித்த பக்கம் இது ஒன்றுதான்.

அடுத்தது 1996 செப்டம்பர். இந்திய அதிகாரிகள் மேல் இருந்த குற்றச்சாட்டை சுப்ரீம் கோர்ட் 304 ரெண்டாம் பகுதியில் இருந்து 304-ஏ ஆகக் குறைத்தது. தெரிந்தே செய்தது என்பதற்கு முதல்கட்ட ஆதாரம் போதாது, அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்றே விசாரிக்க முடியும் என்றது. 304-ஏ என்பது நான் முதலில் சொன்ன பஸ் டிரைவரின் பிரிவு. அந்தப் பழைய சட்டத்தில் அதிகபட்சம் ரெண்டு வருஷம். சிவிலுக்கும் கிரிமினலுக்கும் உள்ள இடைவெளி இங்கே பளிச்சென்று தெரிகிறது. 1986 டிசம்பரிலேயே, டில்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் இதே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது: ஆபத்தான தொழில் செய்கிறவர் தன் மேல் தப்பே இல்லை என்றாலும் நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும், விதிவிலக்கு கிடையாது. பணத்துக்கு மனசுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வியே வேண்டாம். சிறைக்கு அதுதான் முதல் கேள்வி. குளிர்சாதனத்தை நிறுத்திவைத்தவருக்கு, இதனால் ஊர் சாகும் என்று அன்றைக்குத் தெரியுமா? இதை நிரூபிப்பது கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சாட்சிகளை விசாரித்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே, முன்னாடியே ஏன் கதவைச் சாத்தணும் என்பது என் ஆதங்கம்.

2010 ஜூன் 7. விபத்து நடந்து இருபத்தைந்தரை வருஷம் கழித்து போபால் மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. உயிரோடு இருந்த ஏழு இந்திய அதிகாரிகளும் குற்றவாளிகள், கேஷுப் மஹிந்திரா உட்பட. ரெண்டு வருஷம் சிறை, சுமார் ஒரு லட்சம் அபராதம். அன்றைக்கே ஜாமீன். ஊர் கொதித்ததும் சி.பி.ஐ. 1996 தீர்ப்பைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டது. இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்குச் சரியான பதில் இல்லை, 2011ல் தள்ளுபடி.

பணம்? 1989ல் சுமார் 3,000 மரணம் என்று கணக்குப் போட்டுத்தான் தொகை முடிவானது. நஷ்டஈடு வழங்கப்பட்ட மரணங்கள் 5,295. மொத்தம் பணம் வாங்கியவர்கள் ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். 715 கோடியை அத்தனை பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 12,500 ரூபாய் வரும். டாலர் மதிப்பு ஏறியதாலும் வட்டியாலும் தொகை வளர்ந்தது, 2004ல் மீதியையும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அப்படியும் பெரும்பாலோர் கையில் வந்தது 25,000, பிறகு இன்னொரு 25,000. கார்பைடுக்காக வாதாடிய நாரிமனே பின்னாளில், அப்புறம் நடந்ததெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த வழக்கை எடுத்திருக்க மாட்டேன் என்று சொன்னார்.

2010 டிசம்பரில் அரசு, தான் ஒத்துக்கொண்ட தொகை போதவில்லை, இன்னும் சுமார் 7,844 கோடி வேண்டும் என்று கேட்டது. 2023 மார்ச் 14ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தள்ளுபடி செய்தார்கள். மோசடி இருந்தால் ஒழிய, ராஜியாகப் போன சிவில் வழக்கைத் தொகை குறைவு என்பதற்காகத் திறக்க முடியாது. என் எழுபதாயிரத்துக்குப் பொருந்துகிற அதே சட்டம். என்ன ஒன்று, அங்கே கையெழுத்துப் போட்டது நான். இங்கே கையெழுத்துப் போட்டது, பிள்ளைகளைக் கேட்காத தகப்பன்.

ஆண்டர்சன் 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் தன் 92ஆவது வயதில் இறந்தார். கடன் என்றால் வாரிசுகளுக்குப் போன சொத்து வரை துரத்தலாம். குற்ற வழக்கு ஆளோடு முடிந்துவிடும். அவர் மேல் இருந்த வழக்கு அத்தோடு போனது.

கம்பெனிக்கு மரணம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. யூனியன் கார்பைடை 2001ல் டவ் கெமிக்கல் வாங்கியது. தலைமறைவாக இருக்கும் கார்பைடை ஏன் ஆஜர்படுத்தவில்லை என்று கேட்டு போபால் கோர்ட் டவ்வுக்குத் திரும்பத் திரும்ப சம்மன் அனுப்பியது. 2023 அக்டோபரில்தான் டவ் தரப்பு வக்கீல்கள் முதல் முறையாக அந்தக் கோர்ட்டில் வந்து நின்றார்கள். அவர்கள் வாதம்: டவ் ஒரு அமெரிக்கக் கம்பெனி, அதை விசாரிக்க இந்தியக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.

ஓலியம் வாயு வழக்கை இன்றைக்கு ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அடுத்த எபிசோடு முழுக்க அதுதான். அதுவரைக்கும், வணக்கம்.